ஏழைகளின் தந்தை புனித வின்சென்ட் தே பவுல்

நம் பங்கின் பொன்விழா மலரில் ஒரு புனிதரின் வரலாறு இடம்பெற வேண்டும், அதைப் பங்குத்தந்தையே எழுதித் தர வேண்டும் என்று மலர்க் குழுவினர் கேட்டுக்கொண்டனர். நம் பாதுகாவலரைப் பற்றியே எழுதலாம் என்று முதலில் எண்ணினோம். ஆனால் அவரைப் பற்றி ஆண்டுதோறும் நவநாள் மறையுரைகளில் கேட்டு வருகிறோம். நம் கண்ணெதிரே இருந்தும் நாம் கவனிக்காத ஒருவர் உண்டு. ஞாயிறுதோறும் முதல் திருப்பலி முடிந்ததும், ஆலயத்தின் பக்க அறையில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடுகிறார்கள். நடுவில் ஒரு நோட்டுப் புத்தகமும் ஒரு தகரப் பெட்டியும் இருக்கும். எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை, எந்தப் பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் கட்டவேண்டும், எந்தத் தாய்க்கு மருந்து வாங்க வேண்டும் என்று பேசிக் கணக்கெழுதிவிட்டுக் கலைகிறார்கள். அவர்கள்தாம் வின்சென்ட் தே பவுல் சபையினர். சபையின் பெயரை நாம் எல்லாரும் அறிவோம். அந்தப் பெயருக்கு உரியவரின் வாழ்வை அறிந்தவர்கள் சிலரே. ஆகவே அவருடைய வரலாற்றையே இம்மலருக்கு அளிக்க முடிவு செய்தோம்.

இளமையும் ஆசையும்

வின்சென்ட் 1581-ஆம் ஆண்டு, பிரான்சு நாட்டின் தென்மேற்கே, தாக்ஸ் நகருக்கு அருகிலுள்ள பூயி என்னும் சிற்றூரில் பிறந்தார். பெற்றோர் எளிய உழவர். ஆறு பிள்ளைகளில் இவர் மூன்றாமவர். சிறுவயதில் ஆடுகளையும் பன்றிகளையும் மேய்த்தார். பையன் அறிவுள்ளவன் என்று கண்ட தந்தை, அவரைத் தாக்ஸ் நகரிலே பிரான்சிஸ்கன் துறவியரிடம் படிக்க வைத்தார். பின்னர் மேற்படிப்புச் செலவுக்காகத் தம் ஏர்மாடுகள் இரண்டையும் விற்றார். உழவனுக்கு ஏர்மாடு எப்படிப்பட்டது என்பதை நம் மக்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை.

ஒருநாள் தந்தை மகனைப் பார்க்கப் பள்ளிக்கு வந்தார். கால் ஊனமுற்றவர், உடையும் எளியது. அவரைத் தம் தந்தை என்று சொல்ல வெட்கப்பட்ட வின்சென்ட், வெளியே சென்று பார்க்க மறுத்துவிட்டார். இதை வேறு யாரும் கண்டு சொல்லவில்லை. முதுமையில் அவரே தம் சபையினரிடம் மனம் நொந்து ஒப்புக்கொண்டார். ஏழைகளின் தந்தை என்று உலகம் போற்றும் இவர், ஏழைத் தந்தையைக் கண்டு வெட்கப்பட்ட மகனாகத்தான் தம் வாழ்வைத் தொடங்கினார்.

1600-ஆம் ஆண்டு, பத்தொன்பதாம் வயதில், திருச்சபை குறித்த வயது நிரம்பும் முன்பே குருப்பட்டம் பெற்றார். நல்ல வருமானமுள்ள ஒரு பதவியைப் பெற்று, குடும்பத்தைக் கைதூக்கிவிட்டு, அமைதியாக வாழவேண்டும் என்பதே அந்நாளில் அவரது ஆசை. 1610-இல் தாய்க்கு எழுதிய கடிதத்திலும் இந்த எண்ணமே தெரிகிறது. இளங்குருவாக இருந்தபோது கடற்கொள்ளையரிடம் சிக்கித் துனிஸ் நகரில் அடிமையாக இருந்தார் என்று பழைய வரலாறுகள் விரிவாகக் கூறும். வரலாற்று அறிஞர் பலர் அதை ஐயுறுவதால் நாம் அதைக் கடந்து செல்கிறோம். அதைவிடப் பெரிய விடுதலை அவருக்குப் பின்னால் காத்திருந்தது.

1608-இல் பாரிசுக்கு வந்தார். அங்கே அவரோடு ஒரே அறையில் தங்கியிருந்தவர், தம் பணத்தை வின்சென்ட் திருடிவிட்டார் என்று ஊரெங்கும் தூற்றினார். உண்மைத் திருடன் பின்னர் அகப்படும்வரை, வின்சென்ட் எதிர்த்துப் பேசாமல் அந்தப் பழியைச் சுமந்தார். 1612-இல் பாரிசை அடுத்த கிளிஷி என்னும் ஊரின் பங்குத்தந்தையானார். அடுத்த ஆண்டு, கோந்தி என்னும் பெருங்குடும்பத்தில் பிள்ளைகளுக்கு ஆசிரியராக அமர்ந்தார். 1617 சனவரியில், அக்குடும்பத்தின் நிலங்களில் குடியிருந்த ஓர் உழவர் சாகும் தறுவாயில் அவரிடம் முழுப் பாவசங்கீர்த்தனம் செய்து மனஅமைதி பெற்றார். நல்லவர் என்று பெயரெடுத்த அவருடைய உள்ளத்தில் எத்தனை ஆண்டுப் பாரம் இருந்தது என்று கண்டபோது, நாட்டுப்புற மக்கள் எவ்வளவு தூரம் கைவிடப்பட்டுக் கிடக்கிறார்கள் என்பது வின்சென்டுக்கு விளங்கியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை

அதே 1617-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஷாத்தியோன் என்னும் ஊரின் பங்கை ஏற்றார். ஒரு ஞாயிறு, திருப்பலிக்காக உடை அணிந்துகொண்டிருந்தபோது ஒரு பெண்மணி வந்து, ஊருக்குச் சற்று வெளியே ஒரு வீட்டில் எல்லாரும் நோயில் விழுந்துவிட்டார்கள், ஒருவருக்கொருவர் தண்ணீர் கொடுக்கக்கூட ஆளில்லை என்று சொன்னார். வின்சென்ட் அதை அன்றைய மறையுரையில் உருக்கமாக எடுத்துரைத்தார். பிற்பகலில் தாமும் அவ்வீட்டை நோக்கி நடந்தார். வழியெல்லாம் பெண்கள் கூட்டம்! கூடைகளில் ரொட்டியும் இறைச்சியும் சுமந்து சிலர் போகிறார்கள். கொடுத்துவிட்டுச் சிலர் திரும்புகிறார்கள். வெயில் தாளாமல் சிலர் வழியோரம் உட்கார்ந்திருக்கிறார்கள்.

வேறொரு குருவாக இருந்தால் தம் மறையுரையின் வெற்றியை எண்ணி மகிழ்ந்திருப்பார். வின்சென்டுக்குக் கவலை பிறந்தது. ஒரே நாளில் வந்து குவிந்த உணவை நோயாளிகள் உண்ண முடியாது, பாதி கெட்டுப்போகும். அடுத்த வாரம் பசித்தால் யார் வருவார்கள்? இந்த மக்களிடம் அன்புக்குக் குறைவில்லை, அதை ஒழுங்குபடுத்த ஆளில்லை என்று அவர் கண்டுகொண்டார். மூன்றே நாளில், ஆகஸ்டு 23 அன்று, அவ்வூர்ப் பெண்கள் சிலரைக் கூட்டி ஒரு சங்கம் அமைத்தார். அதுவே முதல் பிறரன்புச் சபை. அதன் விதிகள் ஆயரின் இசைவைப் பெற்று, டிசம்பர் 8 அன்று முறைப்படி நிறுவப்பட்டது.

அந்த விதிகளை வாசிக்கும்போது நமக்கு வியப்பு மேலிடுகிறது. பெரிய தத்துவம் ஒன்றும் அவற்றில் இல்லை. ஆளுக்கொரு நாளாக முறைவைத்துச் சமைத்துக் கொண்டுபோக வேண்டும். நோயாளியை மலர்ந்த முகத்தோடு வாழ்த்த வேண்டும். அவர் கையைக் கழுவிவிட்டு, துணி விரித்து, செபம் சொல்லி உணவு பரிமாற வேண்டும். பணப்பெட்டிக்கு இரண்டு பூட்டு. இரண்டு சாவியும் இருவர் கையில் இருக்க வேண்டும். ஆண்டுதோறும் கணக்கு ஒப்புவிக்க வேண்டும். இவற்றோடு இன்னொரு விதியும் உண்டு. பார்க்க ஆளுள்ள நோயாளியிடம் முதலில் போகவேண்டும். யாருமற்றுத் தனித்துக் கிடப்பவரிடம் கடைசியாகப் போகவேண்டும். அப்போதுதான் அவரோடு அதிக நேரம் உட்கார்ந்திருக்க முடியும். இதை எழுதியவர் ஏழையின் வீட்டுக்குள் போய்ப் பார்த்தவர் என்பதில் ஐயமில்லை.

இங்கே நம் குறை ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பல ஆண்டுகளுக்குமுன் நாம் ஒரு கடற்கரைப் பங்கில் பணியாற்றினோம். மீன்பிடிக்கச் சென்ற ஒருவர் திரும்பவில்லை. மனைவியும் மூன்று பிள்ளைகளும் தனித்தனர். நாம் பூசையில் உருக்கமாகப் பேசினோம். ஊரே திரண்டு வந்தது. அந்தச் சிறுவீட்டில் அரிசி மூட்டை வைக்க இடமில்லை. நாமும் நிறைவாக உணர்ந்தோம். மூன்று மாதம் சென்றபின், ஏழாம் வகுப்பில் படித்த மூத்த மகள் பள்ளிக்கு வருவதில்லை என்று தெரிய வந்தது. இறால் உரிக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். நாம் நாள்தோறும் நற்கருணை எடுத்துக்கொண்டு அந்த வாசலைக் கடந்துதான் போயிருக்கிறோம். ஒருநாளும் உள்ளே எட்டிப்பார்த்துக் கேட்கவில்லை. பிறகு ஏற்பாடு செய்து தம்பியர் இருவரையும் படிக்க வைத்தோம். அந்தப் பெண் பள்ளிக்குத் திரும்பவே இல்லை. ஷாத்தியோன் வரலாற்றை அதற்கு முன்னரே குருமடத்தில் படித்திருந்தோம். படித்தது வேறு, செய்தது வேறாயிற்று.

பெண்களின் கைகள்

வின்சென்ட் மீண்டும் கோந்தி குடும்பத்தாரிடம் திரும்பியபின், பிறரன்புச் சபைகள் ஊர்தோறும் பரவின. 1625-இல், நாட்டுப்புறங்களில் நற்செய்தி அறிவிக்கும் குருக்கள் சபை ஒன்றையும் நிறுவினார். ஆனால் சபைகளைத் தொடங்குவது எளிது, நிலைக்கச் செய்வது அரிது. அந்த அரிய பணிக்கு ஆண்டவர் லூயிஸ் தே மரிலாக் என்னும் பெண்ணை அனுப்பினார். 1591-இல் பிறந்த இவர், 1625-இல் கணவரை இழந்து, ஒரே மகனை வளர்த்து வந்தார். துயரமும் மனக்கலக்கமும் நிறைந்திருந்த அவருக்கு வின்சென்ட் ஆன்ம வழிகாட்டியானார். 1629 முதல் லூயிஸ் ஊரூராகப் பயணம் செய்து சபைகளைப் பார்வையிட்டு, தளர்ந்தவற்றைத் தூக்கி நிறுத்தினார்.

பாரிசில் ஒரு சிக்கல் எழுந்தது. சபையில் சேர்ந்த செல்வச் சீமாட்டிகள் பணம் தந்தார்கள். ஆனால் மாடி ஏறி நோயாளியின் அழுக்கைக் கழுவ, தங்கள் வேலைக்காரிகளை அனுப்பலானார்கள். அப்போது சுரேன் என்னும் ஊரிலிருந்து மார்கரீத் நசோ என்ற பெண் வந்தார். மாடு மேய்த்தவர். தெருவில் போவோர் வருவோரிடம் கேட்டுக் கேட்டே எழுத்துக் கற்று, பிறகு ஊர் ஊராகச் சென்று சிறுமியருக்குக் கற்பித்தவர். ஏழைகளுக்கு ஊழியம் செய்யத் தாமே முன்வந்தார். கொள்ளைநோய் கண்ட ஒரு பெண்ணுக்குத் தம் படுக்கையைத் தந்து, அந்நோயாலேயே 1633-இல் உயிர்நீத்தார். அதே ஆண்டு நவம்பர் 29 அன்று, அவர் வழியில் வந்த சில நாட்டுப்புறப் பெண்களை லூயிஸ் தம் வீட்டில் சேர்த்துக்கொண்டார். பிறரன்புப் புதல்வியர் சபை இப்படித்தான் பிறந்தது. கன்னியர் என்றால் மதிலுக்குள் அடைபட்டு வாழவேண்டும் என்றிருந்த காலம் அது. இவர்களோ வாடகை வீட்டில் குடியிருந்து, பங்கு ஆலயத்தில் திருப்பலி கண்டு, தெருத்தெருவாய் நடந்து ஏழைகளின் வீடுகளுக்குப் போனார்கள்.

கைவிடப்பட்ட குழந்தைகள்

அந்நாளில் பாரிசில் ஆண்டுக்கு 300 முதல் 400 குழந்தைகள் கோயில் வாசல்களிலும் தெருக்களிலும் விடப்பட்டன. அவற்றைச் சேர்த்து வைக்க ஒரு வீடு இருந்தது. ஒரு விதவையும் இரண்டொரு பணிப்பெண்களும் பொறுப்பு. பால் போதாது. அழும் பிள்ளைகளுக்கு மயக்க மருந்து கொடுத்துத் தூங்க வைத்தார்கள். சிலவற்றைச் சில காசுக்குப் பிச்சைக்காரர்களுக்கு விற்றார்கள். அவர்கள் குழந்தையின் கைகால்களை முறித்து, இரக்கம் தேடப் பயன்படுத்தினார்கள். பெரும்பாலான குழந்தைகள் இறந்தன. பல ஞானஸ்நானமும் இன்றி இறந்தன.

இதை நேரில் கண்ட பிறரன்பு மாதர் சங்கத்தார் 1638-இல் முதலில் பன்னிரண்டு குழந்தைகளை மட்டும் ஏற்றனர். எல்லாரையும் ஏற்கப் பணமில்லை. யாரை எடுப்பது, யாரை விடுவது என்று சீட்டுப் போட்டுத் தீர்மானித்தார்கள். விடப்பட்ட பிள்ளைகளின் நினைவு அவர்களை உறங்கவிட்டிருக்குமா? 1640-இல் வின்சென்ட் அவர்களைக் கூட்டிப் பேசி, எல்லாக் குழந்தைகளையும் ஏற்க இசையச் செய்தார்.

தடை பணத்தில் மட்டும் இல்லை. இவை பாவத்தில் பிறந்த பிள்ளைகள், இவற்றை வளர்ப்பது பாவத்துக்குத் துணைபோவது என்று பேசியோர் பலர். வின்சென்ட் அந்த வாதத்துக்கு இடம் கொடுக்கவில்லை. பெற்றவர் கைவிட்டதால் அப்பிள்ளைகளுக்கு இறைவனே தனிப்பட்ட தந்தை என்றும், அவர்களை வளர்க்கும் சகோதரிகள் கன்னியராகவே தாய்மாரும் ஆகிறார்கள் என்றும் எடுத்துரைத்தார்.

வேலையின் ஒழுங்கைப் பாருங்கள். கைக்குழந்தைகள் பால்கொடுக்கும் செவிலித்தாய்மாரிடம் ஒப்படைக்கப்பட்டன. அவர்களுக்கு மாதச் சம்பளம். குழந்தை நன்றாக இருக்கிறதா என்று நேரில் சென்று பார்த்து வருவார்கள். பால்குடி மறந்ததும் பிள்ளைகள் சகோதரிகளின் இல்லத்துக்குத் திரும்புவர். எழுத்தும் மறைக்கல்வியும் கற்பித்து, வளர்ந்ததும் ஒரு தொழிலில் சேர்த்துவிடுவர். 1645-இல் இவர்களுக்காகப் பதின்மூன்று சிறு வீடுகள் கட்டப்பட்டன. 1647-இல் பிசேத்ர் என்னும் பழைய கோட்டை கிடைத்தது. அது குழந்தைகளுக்கு ஏற்ற இடமன்று என்று லூயிஸ் எச்சரித்தார், மற்றவர்கள் கேட்கவில்லை. அவர் சொன்னதே சரியாயிற்று. பல குழந்தைகள் இறந்தன. பின்னர் பாரிசுக்கே திரும்ப நேர்ந்தது. புனிதர்களின் பணியிலும் தவறு நேர்ந்தது. பிள்ளைகளோடு நாள்தோறும் இருந்தவரின் சொல்லைக் கேட்காததே அந்தத் தவறு.

ஆண்டுச் செலவு 40,000 லிவ்ர் வரை உயர்ந்தது. அரசர் அளித்த மானியம் பாதிக்கும் காணவில்லை. போரும் விலைவாசியும் சேர, பணியை விட்டுவிடலாம் என்று சங்கத்துப் பெண்கள் தளர்ந்தனர். வின்சென்ட் அவர்களை ஒன்றுகூட்டினார். இதுவரை நீங்கள் இப்பிள்ளைகளுக்குத் தாய்மாராக இருந்தீர்கள். விட்டுவிடுவதானால் இன்று அவர்களுக்கு நீதிபதிகளாகி, வாழ்வா சாவா என்று தீர்ப்பிட வேண்டியிருக்கும் என்று உணர்த்தினார். ஒருவரும் விட மனம் வரவில்லை. பணி தொடர்ந்தது. இரவில் பனியில் நடந்து குழந்தையைக் கையில் ஏந்திவரும் வின்சென்டின் படத்தை நாம் பார்த்திருக்கிறோம். பிள்ளைகளைத் தூக்கிச் சுமந்த கைகள் பெரும்பாலும் பெண்களின் கைகளே. அந்தக் கைகள் சோர்ந்துபோகாமல் தாங்கியதுதான் வின்சென்டின் பெருமை.

போர்க்காலம்

1639 முதல் போரால் பாழான லொரேன் மாநிலத்துக்கு உதவி அனுப்பினார். அவருடைய சபையைச் சேர்ந்த மத்தேயு என்னும் சகோதரர், பிச்சைக்காரர்போல் உடுத்து, தோள்பையில் பணத்தை மறைத்துக்கொண்டு, கொள்ளையர் நிறைந்த வழியில் 53 முறை சென்று வந்தார். ஒருமுறையும் பணம் பறிபோகவில்லை. படைவீரர்களால் மானபங்கம் நேரும் என்று அஞ்சிய இளம்பெண்களைத் தம்முடன் பாரிசுக்கு அழைத்து வந்தார். லூயிஸ் அவர்களுக்கு அடைக்கலம் தந்து, நல்ல வீடுகளில் வேலை தேடித் தந்தார்.

1650 முதல், அழிந்த ஊர்களிலிருந்து வந்த கடிதங்களை அச்சிட்டுப் பாரிசு மக்களிடையே பரப்பினார்கள். கொடுத்தவர்களுக்குத் தம் பணம் எங்கே போயிற்று என்று தெரிந்தது. கொடாதவர்களுக்கு மனம் இளகியது. கஞ்சி ஊற்றுவதோடு வின்சென்ட் நிற்கவில்லை. ஆண்களுக்கு விதையும் கருவிகளும், பெண்களுக்கு இராட்டினமும் நூற்பதற்குச் சணலும் கொடுக்கச் சொன்னார். உழைத்துப் பிழைக்கக் கூடியவரை என்றும் கையேந்துபவராக வைத்திருக்க அவர் விரும்பவில்லை.

இறுதியும் தொடர்ச்சியும்

1660 மார்ச் 15 அன்று லூயிஸ் இறந்தார். கால்நோயால் நகர முடியாத வின்சென்ட் அவரைக் கடைசியாகப் பார்க்கவும் இயலவில்லை. அதே ஆண்டு செப்டம்பர் 27 விடியற்காலையில், நாற்காலியில் அமர்ந்தபடியே வின்சென்டும் இறைவனடி சேர்ந்தார். அவருக்கு வயது 79. அவர்கள் தொடங்கிய குழந்தைகள் பணி 1670-இல் அரசாணையால் பொது நிறுவனமாயிற்று. வின்சென்டுக்கு 1737-இல் புனிதர் பட்டம் அளிக்கப்பட்டது. 1885-இல் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ, அவரைப் பிறரன்புப் பணிகளின் பாதுகாவலராக அறிவித்தார். லூயிஸ் 1934-இல் புனிதரானார்.

1833-இல் பாரிசில் பிரெடரிக் ஓசானாம் என்னும் இருபது வயது மாணவரும் தோழர்களும் ஏழைகளின் வீடுகளைச் சந்திக்கும் ஒரு சங்கம் தொடங்கினர். எப்படிச் செய்வது என்று அவர்களுக்கு வழிகாட்டியவர், பிறரன்புப் புதல்வியருள் ஒருவரான சகோதரி ரொசாலி ரெண்டு. அந்தச் சங்கமே வின்சென்ட் தே பவுலின் பெயரைத் தாங்கி, இன்று நம் ஆலயத்தின் பக்க அறையிலும் கூடுகிறது.

அன்பார்ந்த பங்கு மக்களே, பொன்விழாவுக்குத் தோரணமும் மின்விளக்கும் தேர்ப்பவனியும் வேண்டியவைதாம். நாம் அவற்றைக் குறை கூறவில்லை. ஆனால் விழா முடிந்த மறுமாதம், அதற்கடுத்த மாதம், யாரும் வந்து கேட்காத நாளில், ஒரு வீட்டுக் கதவைத் தட்ட நம் பங்கில் முறைவைத்த ஆள் இருக்கிறாரா என்பதே கேள்வி. பக்க அறையில் கூடுவோரில் பெரும்பாலோர் வயது முதிர்ந்தவர்கள். அவர்களோடு சேர இளைஞரும் பெண்களும் வரவேண்டும். மாதம் ஒரு மணிநேரம் தந்தாலும் போதும். கணவரை இழந்த தாய்மார், பெற்றோரை இழந்த பிள்ளைகள் ஆகியோரின் வீடுகளை நோட்டில் எழுதி, ஆளுக்கொரு வீடாகப் பிரித்துக்கொள்வோம். பள்ளி திறக்கும் மாதத்திலும், மழைக்காலத்திலும், துக்கம் முடிந்த மூன்றாம் மாதத்திலும் தவறாமல் போவோம். பார்க்க ஆளில்லாத வீட்டுக்குக் கடைசியாகப் போய், அங்கே அதிக நேரம் உட்காருவோம். நாம் ஒருகாலத்தில் கடந்து சென்ற அந்த வாசலைப்போல இன்னொரு வாசலை நம் பங்கு கடந்து செல்லாதிருக்க இறைவன் அருள்வாராக.

புனித வின்சென்ட் தே பவுலே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.